கரைந்துபோன சாவி

தண்ணீரைத் திருடியவன் பூட்டை உடைக்கவில்லை, கம்பியை வளைக்கவில்லை, மதகுக் கதவைக்கூட ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போயிருந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு முழங்கால் ஆழத்தில் தளும்பிக்கொண்டிருந்த ஒரு ஏக்கர் காயலை, சனிக்கிழமை காலை ஏழரைக்குள் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். மிச்சம் வைத்தது சேறு. அந்தச் சேற்றில் ஒரு நண்டு, தன் வீட்டுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தது.

துப்பறியும் கிளாட்வின் கரையில் குந்தி அந்த நண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வருஷம் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் டாலி கிளார்க்காக இருந்துவிட்டு, பிறகு துப்பறிய வந்தவர். காணாமல்போன நங்கூரம், கள்ளக் கடிகாரம், ஒரு தடவை கல்யாணத்தன்று காணாமல்போன மாப்பிள்ளை என்று எத்தனையோ கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். தண்ணீரைக் காணோம் என்று இதுவரை யாரும் வந்ததில்லை.

“சார், அடையாளம் எழுதிக்கிடவா?” என்று நோட்டைத் திறந்தாள் அவருடைய உதவியாளர் செண்பகம். “நிறம் இல்ல, மணம் இல்ல, உயரம் முழங்கால். கடைசியா பார்த்தப்ப நீல ஆகாசம் உடுத்தியிருந்தது.”

“செண்பகம், டீச்சர் அழப் போறாங்க. கொஞ்சம் சும்மா இரு.”

“அழட்டும் சார். அந்தத் தண்ணியாவது காயலுக்கு ஆகும்.”

பிளாரன்ஸ் டீச்சர் அழவில்லை. குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு தூண்மாதிரி நின்றார். உள்ளான் காயல் பராமரிப்புக் குழுவின் செயலாளர் அவர். குழுவில் நாற்பது பேர். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. குப்பை அள்ளியது, கண்டல் மர நாற்று நட்டது, பறவை பார்க்க ஓலைக் குடிசை கட்டியது எல்லாம் அவர்கள்தான். ஒரு வருஷம் நடத்திப் பாருங்கள் என்று நகரசபை கொடுத்த இடம். அந்த ஒரு வருஷம் நாளையோடு முடிகிறது.

“நாளைக் காலைல எட்டு மணிக்கு எஞ்சினியர் வாராரு, தம்பி,” என்றார் டீச்சர். “முந்நூறு பறவை கண்ணால பார்த்தா இடம் எங்களுக்கு. இல்லைன்னா புதுத் துறைமுகத்துக்குக் கல்லு கொண்டுபோற லாரியெல்லாம் இங்கன வந்து நிக்கும். தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு எண்ணுதோம். முப்பதைத் தாண்ட மாட்டேங்குது. இந்த லட்சணத்துல தண்ணியையும் எவனோ களவாங்குதான். இது நாலாவது தடவை!”

“முதல் மூணு எப்போ?”

“டிசம்பர் பதினேழு, முப்பத்தொண்ணு. அப்புறம் ஜனவரி பதினாறு.”

செண்பகம் கைப்பையிலிருந்து சின்னக் காலண்டரை எடுத்துப் புரட்டினாள். “அமாவாசை, பௌர்ணமி, அமாவாசை. நாளைக்கு மறுபடியும் பௌர்ணமி. சார், களவாணி விரதக்காரன் போல.”

கிளாட்வின் எழுந்து மதகருகே போனார். மதகு என்றதும் பெரிய அணைக்கட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். கரையைக் குடைந்து கட்டிய ஒரு செங்கல் வாய். அதன் காயல் பக்கத்தில், மேலே கீல் வைத்துத் தொங்கும் ஒரு மரக்கதவு. அவ்வளவுதான். கடல் ஏறும்போது ஓடைவழியே வரும் தண்ணீர் கதவை உள்ளே தள்ளிக்கொண்டு காயலுக்குள் நுழையும். கடல் இறங்கும்போது காயல் தண்ணீர் வெளியே ஓடப் பார்க்கும். அப்படி ஓடப் பார்க்கிற தண்ணீரே கதவைச் சட்டத்தோடு அழுத்திச் சாத்திவிடும். மோட்டார் வேண்டாம், காவலாளி வேண்டாம். வந்தவரை உள்ளே விட்டு, சாப்பிடாமல் போகக் கூடாது என்று வாசலை மறித்துக்கொள்ளும் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி.

பிள்ளைகள் விளையாடாமல் இருக்கக் கதவைச் சுற்றி ஒரு கம்பிக் கூண்டு. அதற்குப் பூட்டு. சாவி டீச்சரின் கழுத்துச் சங்கிலியில், மாதா பதக்கத்துக்குப் பக்கத்தில்.

“கம்பிக்கு நடுவுல கை போகும்,” என்று கிளாட்வின் நுழைத்துக் காட்டினார். “கடல் ஏறி நிக்கிற நேரத்துல ரெண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டம். அப்போ கதவு பச்சைப்பிள்ளை கை மாதிரி லேசா இருக்கும். ஒரு விரலால தள்ளி, இடுக்குல எதையாவது செருகிட்டா கதவு சாத்தாது. கடல் இறங்க இறங்கக் காயலும் காலி.”

“அப்போ செருகினது எங்க சார்?”

அதுதான் கேள்வி. கதவு சாத்தியிருந்தது. இடுக்கில் கல் இல்லை, கட்டை இல்லை. யாராவது வந்து எடுத்துப் போயிருக்கலாம் என்றால், கரைக்கு வருவதற்கு இருப்பது ஒரே வழி. அந்த வழியில் ஒரு டீக்கடை. ஐந்து மணிக்குக் கடை திறந்ததிலிருந்து ஏழரைக்கு டீச்சர் வரும்வரை ஒரு குஞ்சுகூடக் கரைக்குப் போகவில்லை என்று டீக்கடைக்காரர் தன் பாய்லர் மேல் சத்தியம் செய்திருந்தார்.

“செருகவும் செய்திருக்கான், எடுக்கவும் வரல. ஆனா பொருள் இல்ல,” என்று கிளாட்வின் தாடையைத் தடவினார்.

“சார், மதகுச் சுவர்ல பாருங்க,” என்றாள் செண்பகம். “எறும்பு.”

சுவரின் மேல்விளிம்பில் சிற்றெறும்புகள் சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. சுற்றிலும் உப்புத்தண்ணீர், உப்புச் சேறு, உப்புக் காற்று. இதில் எறும்புக்கு என்ன வேலை? கிளாட்வின் குனிந்தார். விளிம்பில் நகக்கண் அளவுக்குப் பழுப்பாக ஒரு துகள். கதவின் ஓரத்திலும் அதே பழுப்பில் ஒரு பிசுபிசுப்பு. விரலால் தொட்டார். விரலை வாயில் வைத்தார்.

“ஐயே! துப்பறியச் சொன்னா நக்கிப் பாக்கீங்களே!”

கிளாட்வின் கண்ணை மூடிச் சப்புக்கொட்டினார். முகம் மெல்ல மலர்ந்தது. “முதல்ல உப்பு. அடுத்து இனிப்பு. கடைசியா லேசா ஒரு புகை வாசம். செண்பகம், வண்டியை எடு. கருப்பட்டி!”

போகிற போக்கில் ஓலைக் குடிசையில் தலை குனிந்து நுழைந்து வெளியே வந்தார். உள்ளே கூரை வளை நெடுகச் சிப்பிகளைக் கோத்த நூல்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. “பிள்ளைங்க அலங்காரம்,” என்றார் டீச்சர். கிளாட்வின் செண்பகத்தின் லாம்ப்ரட்டா ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார். ஏறிய பிறகும் ஒருமுறை திரும்பிக் குடிசையைப் பார்த்தார். ஏன் பார்த்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

*

ராஜதுரை அண்ணாச்சியின் கருப்பட்டி மண்டியில் ஓலைக் கொட்டான்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. அண்ணாச்சி குழுவின் பொருளாளரும்கூட. அதனால் செண்பகம் வரும் வழியிலேயே அவரைக் குற்றவாளி ஆக்கி, விலங்கும் மாட்டிவிட்டிருந்தாள்.

“அண்ணாச்சி,” என்று கிளாட்வின் நேராகத் தொடங்கினார், “ஒரு கருப்பட்டியைத் தண்ணில போட்டா எவ்வளவு நேரம் தாங்கும்?”

அண்ணாச்சி தராசைக் கீழே வைத்தார். “என்ன தம்பி, ஊரே இதைத்தான் கேக்குது?”

செண்பகம் மாட்டிய விலங்கு நழுவியது. “ஊருன்னா யாரு?”

“நம்ம சண்முகத்தாய். உப்பளத்துல வேலை பாக்கா, காயல் குழுவுலயும் இருக்கா. பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வருவா. சின்னத் தேங்காச் சிரட்டையில ஊத்தின கருப்பட்டி ஒண்ணு வாங்குவா. ‘ரெண்டரை மணி நேரத்துல கரையுதா பார்த்துக் குடுங்க அண்ணாச்சி’ம்பா. நான் கருப்பட்டி விக்கேனா, கடிகாரம் விக்கேனா?”

“ரெண்டரை மணி நேரத்துல கரையுமா?”

அண்ணாச்சிக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு கருப்பட்டியை எடுத்து மேசையில் தட்டினார். மரக்கட்டைபோல ‘டக்’ என்றது. இன்னொன்றைத் தட்டினார், ‘பொத்’ என்றது.

“கேட்டீங்களா? முதலாவது, பாகு நல்லாப் பதம் வந்து இறுகினது. ரெண்டாவது, பதத்துக்கு முன்னாலயே இறக்கினது; ஈரம் இருக்கும். இது ரெண்டு மணி நேரத்துல போயிரும். அது மூணரைகூட நிக்கும். தை மாசத் தண்ணி குளிர்ந்து கெடந்தா இன்னும் தாமசம். காப்பி ஆறிட்டா சீனி கரையாதுல்ல, அது மாதிரி. அதை அவகிட்ட எத்தனை வாட்டி சொல்லுதது?”

வெளியே வந்ததும் செண்பகம் வண்டியை உதைத்தாள். “கெட்டிக்காரிதான் சார். டீக்கடை தொறக்கதுக்கு முன்னால, விடியக்காலம் நாலு மணிக்கு உப்பளத்துக்குப் போகும்போது செருகிட்டுப் போயிருதா. திரும்பி வர வேண்டாம். சாட்சி தானே கரைஞ்சு கடல்ல கலந்திருது. மதகுச் சுவர்ல வச்சு ஒரு துண்டை உடைச்சு வாயில போட்டிருப்பா, அங்கதான் எறும்பு அவளை மாட்டிவிட்டிருச்சு.”

“எல்லாம் சரி,” என்றார் கிளாட்வின். “ஒண்ணுதான் இடிக்குது. ஒளிக்கணும்னா எவ்வளவு நேரத்துல கரைஞ்சா என்ன? ‘ரெண்டரை மணி நேரம்’னு எதுக்குக் கணக்கா கேக்கா?”

லாம்ப்ரட்டா பழைய துறைமுக ரோட்டில் குலுங்கியது. பாலத்தருகே ஒரு சரக்குத் தோணியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கரையில் ஒருவன் மூட்டைக்கு ஒரு கோடு போட்டு, ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுத்துக்கொண்டிருந்தான்.

“நிறுத்து!” என்று கத்தினார் கிளாட்வின். செண்பகம் நிறுத்திய வேகத்தில் அவருடைய தொப்பி அவளுக்கு முன்னால் போய் விழுந்தது.

“அலங்காரம் இல்ல செண்பகம்! அந்தச் சிப்பி நூல் அலங்காரம் இல்ல! அது டாலி!”

*

குடிசையில் பிளாரன்ஸ் டீச்சர் பார்த்துக்கொண்டிருக்க, கிளாட்வின் ஒரு முக்காலியில் ஏறி நூல்களை வாசல் பக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கினார். துறைமுகத்தில் எண்ணிய அதே வேகம்; உதடு மட்டும் அசைந்தது.

“நாளைக்கு ஒரு நூல். கடைசி நூல் நேத்தைக்குன்னா, முதல் நூல் டிசம்பர் ஒண்ணாந் தேதி. இதுல ரெண்டு சிப்பி. இதுல மூணு. இதுல ரெண்டு. டீச்சர், உங்க நோட்டுல அந்த நாளெல்லாம் எத்தனை பறவை?”

டீச்சர் நோட்டைப் பார்த்தார். “இருபது... முப்பது... இருபத்திரண்டு.”

“அப்போ ஒரு சிப்பி பத்துப் பறவை. இப்போ பாருங்க, பதினேழாவது நூல்!”

பதினேழாவது நூலில் சிப்பிகளோடு இரண்டு பெரிய சோழிகளும் தொங்கின. முப்பத்தொன்றாவதில் மூன்று சோழி. நாற்பத்தேழாவதிலும் மூன்று.

“சோழி நூறு,” என்றார் கிளாட்வின். “தண்ணி திருட்டுப் போன மூணு நாள்லயும் இங்க இருநூறு, முந்நூறுன்னு பறவை வந்திருக்கு!”

“மாதாவே!” டீச்சர் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். “யாரும் எண்ணலையே!”

“நான் எண்ணினேன், டீச்சரம்மா.”

வாசலில் சண்முகத்தாய் நின்றாள். முழங்கால்வரை உப்பு பூத்திருந்தது. மதியத்தோடு வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். கையில் ஒரு நூல். அதில் நான்கு சோழிகள். அந்த நூலை முதுகுக்குப் பின்னால் மறைக்கலாமா என்று யோசித்து, அது முடியாது என்று கண்டு, அப்படியே நீட்டினாள்.

“இன்னிக்கு நானூறு,” என்றாள். “ஓடைக்கு அந்தாண்டதான் எங்க உப்பளம். அங்கன நின்னா காயல் நல்லாத் தெரியும். எனக்கு எழுதத் தெரியாது. அதான் கோத்து வச்சேன்.”

“ஏளா, தண்ணியைத் தொறந்துவிட்டது நீயா?” டீச்சரின் குடை உயர்ந்தது. “காயலைக் காப்பாத்தத்தானே உன்னையக் குழுவுல சேர்த்தோம்?”

“காப்பாத்தத்தான் செய்தேன். கூட்டத்துல சொன்னேனே, தண்ணி சாஸ்தின்னு! உள்ளான் குருவிக்குக் கால் எத்தனை நீளம்? என் விரல் நீளம். முழங்கால் தண்ணில அது நிக்குமா, நீந்துமா? எங்க உப்பளத்துப் பாத்தியில நாலு விரல் தண்ணிதான். எல்லா உள்ளானும் அங்கதான் மேயுது. நீங்கெல்லாம் சிரிச்சீங்க. குளம்னா நிறைஞ்சு கெடக்கணும்னீங்க. போர்டு வேற எழுதி வச்சீங்க.”

எல்லோரும் திரும்பி மதகருகே இருந்த பலகையைப் பார்த்தார்கள். ‘நிறைந்த காயல், நிறைய பறவை’ என்று டீச்சரின் அழகான கையெழுத்தில் நீலப் பெயின்ட் மின்னியது. டீச்சரின் குடை மெதுவாகக் கீழே இறங்கியது. மழைக்குளத்தைப் பார்த்து வளர்ந்த நாற்பது பேரும் கடல்நீர்க் காயலையும் அதே கண்ணால் பார்த்துவிட்டார்கள். தளும்பத் தளும்ப வைத்துக்கொண்டு, பறவை ஏன் வரவில்லை என்று தினமும் சாயங்காலம் வந்து எண்ணியிருக்கிறார்கள்.

“ஆனா நான் ஏழரைக்கு வந்தப்போ ஒரு பறவை இல்லியே,” என்றார் டீச்சர்.

சண்முகத்தாயின் குரல் இறங்கிவிட்டது. “அதுதான் என் தப்பு. அமாவாசை, பௌர்ணமிக்குத்தான் நான் வேலைக்குப் போற நேரம் கடல் ஏறி நின்னு, அப்புறம் நல்லா வடியும். விடியக்காலம் தண்ணி வடியவடியத் தீனி மேல வரும், பறவை மொய்க்கும். நாலு விரல் ஆழத்துல நிக்கணும். அதுக்கு ரெண்டரை மணி நேரம். அப்போ கருப்பட்டி கரைஞ்சு கதவு சாத்திரும்னு பார்த்தேன். பாழாப்போனது ஒரு மணி நேரம் கூடுதலா நிக்குது. மொத்தமும் வடிஞ்சு, வெயில் ஏறிச் சேறு காயுது. புழு கீழ போயிருது, பறவை மேல போயிருது.”

“அப்போ நாளைக்கும் எட்டு மணிக்கு ஒண்ணும் இருக்காது,” என்றாள் செண்பகம். இந்தத் தடவை கிண்டல் இல்லை. “கதவைச் சாத்தினா ஆழம். தொறந்தா சேறு.”

தூரத்தில் ஒரு கல் லாரி உறுமிக்கொண்டு போனது. சண்முகத்தாய் நான்கு சோழி நூலை ஆணியில் மாட்டினாள்.

கிளாட்வின் முக்காலியிலிருந்து இறங்கினார். அவருக்கு ராஜதுரை அண்ணாச்சியின் மேசை காதில் கேட்டது: டக், பொத். பதம் மாறினால் நேரம் மாறும். குளிர் கூடினால் நேரம் மாறும். இந்த நேரம் இருக்கிறதே, நம்பக்கூடிய ஆளே இல்லை.

“சண்முகத்தாய், உங்க உப்பளத்துல பாத்திக்கு நாலு விரல் தண்ணி எப்படி நிக்குது? மணி பார்த்தா நிறுத்துவீங்க?”

“மணி எதுக்கு சார்? வாய்க்கால் வாயில நாலு விரல் உயரத்துக்கு மண்ணு வச்சிருவோம். மேல உள்ளது தாண்டிப் போயிரும். மிச்சம் நின்னுரும்.”

“அதை மதகு வாயிலயும் வச்சிருக்கலாமே!”

சண்முகத்தாய் அவரை ஒரு பார்வை பார்த்தாள். “வைக்கலாம். மண்ணு நிக்காது, பலகைதான் அடிக்கணும். கூண்டுக்குள்ள போயி அடிக்கச் சாவி வேணும். சாவி இருந்தா நான் ஏன் சார் கருப்பட்டிக்குப் போறேன்?”

முதலில் சிரித்தது பிளாரன்ஸ் டீச்சர்தான். குடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கழுத்துச் சங்கிலியைக் கழற்றினார். மாதா பதக்கத்தை மட்டும் உருவிக்கொண்டு, சாவியைச் சண்முகத்தாயின் உப்புக் கையில் வைத்தார்.

“போளா. கடல் ஏறுததுக்கு முன்னால அடிச்சு முடி.”

*

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நகரசபை எஞ்சினியர் வந்தார். அவருக்குப் பின்னால் டேப், நோட்டு, ஒரு பியூன். லாரி நிறுத்த எத்தனை அடி என்று அளக்கத்தான் வந்திருந்தார் என்பது டேப்பைப் பார்த்தாலே தெரிந்தது.

விடியற்காலையிலேயே சண்முகத்தாய் மதகுக் கதவைத் தூக்கிக் கொக்கியில் மாட்டியிருந்தாள். புதுப் பலகை மட்டத்துக்கு வடிந்து, காயலில் நான்கு விரல் தண்ணீர் கண்ணாடிபோல நின்றது. அதன்மேல் உள்ளான்கள் தையல் மிஷின் ஊசிமாதிரி அலகைக் குத்திக் குத்தி ஓடிக்கொண்டிருந்தன. ஓரத்தில் கொக்குகள் வரிசை கட்டியிருந்தன. எஞ்சினியர் விரலை நீட்டி எண்ண ஆரம்பித்து, நூற்றிருபதில் தவறவிட்டார். மறுபடி ஆரம்பித்தார். அதற்குள் ஒரு கூட்டம் எழும்பி இடம் மாறி உட்கார்ந்தது.

“ஏம்மா, இதை எப்படி எண்ணுதது?” என்று பக்கத்தில் நின்றவளைக் கேட்டார்.

சண்முகத்தாய் ஒரு நூலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “பத்துக்கு ஒரு சிப்பி சார். நூறு ஆனா ஒரு சோழி.”

எஞ்சினியர் டேப்பைப் பியூனிடம் கொடுத்துவிட்டுக் கோத்தார். எட்டரைக்கு ஐந்தாவது சோழியில் நிறுத்திக்கொண்டு, நோட்டில் கையெழுத்துப் போட்டார். நூலை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“சார், நம்ம கேஸ்ல இன்னும் ஒரு குற்றவாளி பாக்கி,” என்றாள் செண்பகம், நீலப் பலகையைக் காட்டி.

அன்று மாலையே அதை அழித்தார்கள். செண்பகம் சொல்லச் சொல்ல டீச்சர் புதிதாக எழுதினார்:

‘மதகு வாயில் நான்கு விரல் உயரப் பலகை அடித்திருக்கிறது, அதை எடுக்கக் கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில், விடியற்காலை கடல் ஏறி நிற்கும்போது கதவைத் தூக்கிக் கொக்கியில் மாட்டவும். தண்ணீர் வடிந்து பலகை மட்டத்தில் தானே நின்றுவிடும். மதியம் கொக்கியைக் கழற்றவும். காலையில் எண்ணவும். சாவி சண்முகத்தாயிடம்.’